விடுமுறைக் கணக்கு

யூபிலி மலருக்குக் கல்லூரி நாட்களைப் பற்றி ஏதேனும் எழுதித் தருக என மலர்க்குழுவினர் பணித்தபோது முதலில் மறுத்துவிடவே எண்ணினேன். பழைய மாணவர் பலர் துடுப்பாட்ட வெற்றிகளை எழுதுவர். விடுதிச்சாலைச் சோற்றை எழுதுவர். வெள்ளிக்கிழமைப் பூசையையும் பரிசளிப்பு விழாக்களையும் எழுதுவர். எனக்குத் துடுப்புப் பிடிக்கத் தெரியாது. விடுதியிலும் நான் இருந்தேனல்லேன். நமது கல்லூரியிலிருந்து நான் எடுத்துச் சென்றவற்றுள் இன்றும் என்னைவிட்டு அகலாதது ஓர் எண்ணேயாம். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அதனை மனத்திற் சுமந்து வருகின்றேன். அதனோடு ஒட்டிக்கொண்ட ஒரு பொய்யையும் சுமந்து வருகின்றேன். ஆகலின் அவ்விரண்டையும் பற்றியே எழுதுகின்றேன்.

எண் இது: 4294967297. நம் வழக்கில் வாசித்தால், நானூற்றிருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது இலட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு.

1961ஆம் ஆண்டு இரண்டாந் தவணையின் இறுதி நாள். நாங்கள் பல்கலைக்கழகப் புகுமுக வகுப்பில் இருந்தோம். மேல்வகுப்புக் கணிதம் ஆங்கிலத்திற் கற்பிக்கப்பட்ட காலம் அது. எனினும் எங்கள் கணித ஆசிரியர் ஒரு விடயத்தை உண்மையாகவே விளக்க விரும்பினால் தமிழுக்கு வந்துவிடுவார். வேட்டியும் நஷனலும் அணிந்து, தோளிற் சால்வையுடன், வெண்கட்டித் தூள் படியாத கையோடு அவரை நான் கண்டதில்லை. விடுமுறைக்கு முந்திய பாடவேளையில் எவர்தாம் கணிதங் கேட்பர்? அவர் அதனை அறிந்தவர். புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கரும்பலகையில் ஐந்து எண்களை எழுதினார்: 3, 5, 17, 257, 65537.

“இவை எவ்வாறு வந்தன?” என்று வினவினார். 2உடன் 1ஐக் கூட்டினால் 3. இரண்டின் வர்க்கம் 4, அதனோடு ஒன்று கூட்டினால் 5. நான்கின் வர்க்கம் 16, ஒன்று கூட்ட 17. பதினாறின் வர்க்கம் 256, ஒன்று கூட்ட 257. அதன் வர்க்கம் 65536, ஒன்று கூட்ட 65537. ஐந்தும் முதன்மை எண்கள். தம்மாலும் ஒன்றாலுமன்றி வேறெதனாலும் மீதியின்றிப் பிரிபடாதவை. பிரான்சு தேசத்தில் துலூசு நகரில் நீதிமன்றப் பதவி வகித்த பேர்மா என்பவர், 1640ஆம் ஆண்டில், இவ்வரிசையில் வரும் எல்லா எண்களும் முதன்மை எண்களே எனத் தாம் நம்புவதாக எழுதினார். அதற்குரிய நிறுவல் தம்மிடம் இல்லை என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார்.

“நீதிபதி ஒருவர் சாட்சியில்லாமலே தீர்ப்புச் சொல்லிவிட்டார். மேன்முறையீடு உங்களிடம் வந்திருக்கிறது” என்று கூறி, ஆசிரியர் ஆறாவது எண்ணைப் பலகையில் எழுதினார். 65536இன் வர்க்கத்தோடு ஒன்று. மேலே நான் குறித்த அதே எண். இது முதன்மை எண்ணா, அன்றா என்பதை விடுமுறை முடிந்து வரும்போது சொல்லவேண்டும்.

வகுப்பில் முப்பது பேர்வரை இருந்தோம். ஏற்றுக்கொண்டவர் நால்வர். நால்வரும் அன்று மாலை மைதானத்து வேப்பமரத்தடியிற் கூடித் திட்டம் வகுத்தோம். ஓர் எண் முதன்மையானதோ என்று பார்ப்பதற்கு, அதன் வர்க்கமூலம் வரையுள்ள முதன்மை எண்கள் யாவற்றாலும் பிரித்துப் பார்த்தல் வேண்டும். நமது எண்ணுக்கு வர்க்கமூலம் ஏறக்குறைய 65536. அதற்குட்பட்ட முதன்மை எண்கள் 6542. அது நால்வரால் ஆகும் வேலையன்று. ஆகவே ஆயிரத்துக்குட்பட்டவற்றை மட்டும் முதலிற் பார்ப்போம் என்று தீர்மானித்தோம். சல்லடை முறையால் அவற்றைக் கண்டெடுத்தபோது 168 இருந்தன. ஆளுக்கு 42. எனக்கு மூன்றாம் பங்கு. 439இல் தொடங்கி 701இல் முடிவது.

பத்திலக்க எண்ணொன்றை மூன்றிலக்க எண்ணாற் பிரிப்பது கடினமான காரியமன்று. ஆனால் அது சலிப்பைத் தரும் காரியம். ஈவு ஏழிலக்கமாக வரும். ஏழு முறை மதிப்பிட்டுப் பெருக்கிக் கழிக்கவேண்டும். மடக்கை அட்டவணை அங்கே உதவாது. அது அண்ணளவான விடையையே தரும். எங்களுக்கு வேண்டியதோ மீதி. இன்றைய மாணவச் செல்வங்கள் கைப்பேசியை எடுத்து, நான் இந்த வாக்கியத்தை முடிப்பதற்குள் அக்கணக்கைச் செய்துவிடுவர். அவர்கள் ஒருமுறை, ஒரே ஒருமுறை, கொப்பியில் இதனைச் செய்து பார்த்தல் நன்று. எனது குற்றத்தின் அளவு அப்போது அவர்களுக்கு விளங்கும்.

முதல் வாரத்தில் இருபது கணக்குகளைச் செய்தேன். ஒவ்வொன்றையும் எண், ஈவு, மீதி என மூன்று நிரல்களாகக் கொப்பியில் எழுதினேன். 569ஐ முடித்தேன். பின்னர் நல்லூர்த் திருவிழா வந்தது. சைக்கிளில் நாள்தோறும் மாலையிற் சென்று இரவிலே திரும்பினேன். திருவிழா முடிந்ததும் மாமா வீட்டுக்குச் சென்றேன். பனம்பழக் காலம், அங்கே எனக்கு வேலை இருந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். கல்லூரி தொடங்கும் நாளுக்கு முந்திய இரவு, அரிக்கன் இலாம்பின்முன் கொப்பியை விரித்தபோது இருபத்திரண்டு கணக்குகள் எஞ்சியிருந்தன.

அவற்றை நான் செய்யவில்லை. நிரப்பினேன்.

அதற்கு என் மனம் கூறிய நியாயம் இன்றும் நினைவில் உண்டு. உலகம் போற்றும் கணித மேதையொருவர் முதன்மை எண் என்று நம்பிய எண். இருபது எண்களால் நானே பிரித்துப் பார்த்தேன், பிரிபடவில்லை. மற்றையோரின் பங்கிலும் பிரிபடாது. எஞ்சிய இருபத்திரண்டில் மட்டும் ஏன் பிரிபடப்போகிறது? விடை தெரிந்த கணக்குக்கு வழி எதற்கு? இவ்வாறு எண்ணிக்கொண்டு, மீதியானது பிரிக்கும் எண்ணிலும் சிறிதாயிருத்தல் வேண்டும் என்னும் ஒரேயொரு விதியை மட்டும் மிகக் கவனமாகக் கைக்கொண்டு, ஒற்றையும் இரட்டையும் கலந்து மீதிகளை எழுதினேன். ஈவுகளையும் ஏறக்குறையப் பொருந்துமாறு எழுதினேன். 577க்கு எதிரே 401. 641க்கு எதிரே 218. மற்றவற்றை மறந்துவிட்டேன்.

மறுநாள் நால்வர் கொப்பிகளும் ஆசிரியர் மேசையில் இருந்தன. இரண்டாம் பங்கை ஏற்ற நண்பன் என் வாங்கிலேயே இருப்பவன். அவன் ஒவ்வொரு கணக்கையும் செய்தபின் ஈவை மீண்டும் பெருக்கி மீதியைக் கூட்டிச் சரிபார்த்திருந்தான். அவனது கொப்பி என்னுடையதிலும் இருமடங்கு தடித்திருந்தது. எனினும் எழுந்து நின்று பேசியவன் நானே. “ஆயிரத்துக்குட்பட்ட எந்த முதன்மை எண்ணாலும் பிரிபடாது, சேர்.”

“நால்வரும் நிச்சயமாகச் சொல்கிறீர்களா?”

“ஓம், சேர்” என்றோம். என் குரலே உரத்து ஒலித்தது.

ஆசிரியர் கொப்பிகளைப் புரட்டியபடி சிறிது நேரம் இருந்தார். பின்பு பலகைக்குச் சென்று, நாங்கள் செய்த 168 கணக்குகளில் 163 வீண் என்றார். வகுப்பு சிரித்தது. காரணத்தை அவர் விளக்கியதை இயன்றவரை இங்கே தருகின்றேன். மலரைப் புரட்டும் மாணவருள் ஒருவரேனும் பென்சிலை எடுக்கக்கூடும்.

நமது எண் 2இன் 32ஆம் வலுவோடு ஒன்று கூட்டியது. ஒரு முதன்மை எண் அதனை மீதியின்றிப் பிரிக்குமாயின், 2இன் 32ஆம் வலுவை அது பிரிக்கும்போது ஒன்று குறைவுபடும். அஃதாவது மீதி −1. அதனை வர்க்கித்தால் 64ஆம் வலுவுக்கு மீதி 1 ஆகும். 64இலும் சிறிய வலு எதற்கும் மீதி 1 வாராது. வருமாயின் 32ஆம் வலுவுக்கும் 1 வந்திருக்கும், ஆனால் அங்கே −1 அன்றோ வந்தது. இனி, பேர்மாவின் பெயராலேயே வழங்கும் தேற்றமொன்று உண்டு: 2இனது வலுவை, அம்முதன்மை எண்ணிலும் ஒன்று குறைந்த சுட்டிக்கு உயர்த்தினால் மீதி 1 ஆகும். ஆகவே, அம்முதன்மை எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது 64ஆற் பிரிபடல் வேண்டும். 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641 என்று செல்லும் வரிசையில் முதன்மை எண்களை மட்டும் பார்த்தாற் போதும். ஆயிரத்துக்குட்பட்டவற்றுள் 641ஐத் தாண்டினால் 769ஐ அன்றி வேறில்லை. அதற்கு முன்னர் ஐந்தே ஐந்து: 193, 257, 449, 577, 641.

இதிலே வியப்பு என்னவெனில், அத்தேற்றத்தைப் பேர்மா அறிவித்ததும் அதே 1640ஆம் ஆண்டில்தான். கருவி அவர் கையிலே இருந்தது. ஐந்து பிரித்தற் கணக்குகளை அவர் செய்யவில்லை. செய்தாரெனில் எங்கோ பிழைவிட்டார். அந்தப் பெரியவரோடு என்னை ஒப்பிடுகின்றேன் என்று எவரும் எண்ணவேண்டாம். அவர் நம்பிக்கையை நம்பிக்கையென்றே சொன்னார்.

ஆசிரியர் ஐந்தையும் எடுத்துக்கொண்டார். 193க்கு மீதி 109. நண்பனின் கொப்பியில் அவ்வாறே இருந்தது. 257க்கு மீதி 2. அதுவும் அவன் கணக்கே. 449க்கு மீதி 325. அது நான் செய்தது, சரியாகவே இருந்தது. எஞ்சியவை இரண்டு. இரண்டும் எனது பங்கு.

“தம்பி, இந்த இரண்டையும் நீர் வந்து பலகையிற் செய்யும்” என்றார். என் கொப்பி அவர் கையில் விரிந்திருந்தது.

577ஐ முதலிற் செய்தேன். மீதி 288 வந்தது. கொப்பியில் 401 என்றிருந்ததை அவர் பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. பின்னர் 641. 4294இல் ஆறு முறை, 448 மீதி. ஒன்பதை இறக்கினால் 4489; ஏழு முறை, அதாவது 4487; மீதி 2. அடுத்து ஆறு, ஏழு. இரண்டுக்கும் ஈவிற் பூச்சியம். இரண்டை இறக்கினால் 2672; நான்கு முறை; 108. ஒன்பதை இறக்கினால் 1089, ஒரு முறை, 448. கடைசி இலக்கம் ஏழு. அதனை இறக்கியபோது பலகையில் 4487 நின்றது. அத்தொகையைச் சற்று முன்னரே ஏழாற் பெருக்கி எழுதியிருந்தேன். கணக்கு முடிந்துவிட்டது என்பதை என் கை அறிந்தது; ஆயினும் கழித்து எழுதச் சிறிது நேரம் ஆயிற்று. மீதி பூச்சியம். ஈவு 6700417.

“ஒயிலருக்கும் இந்த இடத்திற் பூச்சியமே வந்தது. இரும், தம்பி” என்றார் ஆசிரியர். அவ்வளவுதான்.

ஒயிலர் இதனைக் கண்டது 1732ஆம் ஆண்டில், ருசியத் தலைநகரில், தமது இருபத்தைந்தாம் வயதில். 64இன் மடங்கோடு ஒன்று என்னும் விளக்கத்தைப் பின்னர் எழுதிய கட்டுரையொன்றில் அவரே தந்தார். எஞ்சிய பாடவேளையில் ஆசிரியர் பிரித்தலே இல்லாத வழியொன்றைக் காட்டினார். அதைப்போல் அழகானதொன்றைக் கணிதத்தில் நான் பின்னர் அதிகம் கண்டதில்லை. 641ஐ இருவகையாக எழுதலாம். ஐந்தை 128ஆற் பெருக்கி ஒன்று கூட்டினால் 641. ஐந்தின் நான்காம் வலு 625, இரண்டின் நான்காம் வலு 16, கூட்டினாலும் 641. முதலாவதன்படி, 641ஆற் பிரிக்கும்போது 5 × 2⁷ என்பதற்கு மீதி −1; நான்காம் வலுவுக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ என்பதற்கு மீதி 1. இரண்டாவதன்படி 5⁴ என்பது −2⁴க்குச் சமமாக நிற்கும். அதனை அங்கே இட்டால் −2³²க்கு மீதி 1. எனவே 2³² + 1க்கு மீதி பூச்சியம். நான்கு வரி. நான் அந்நான்கு வரிகளைக் கொப்பியிற் பார்த்தெழுதியபோது என் காதுகள் எரிந்துகொண்டிருந்தன.

கொப்பி மறுநாள் திரும்பி வந்தது. நான் செய்த இருபது கணக்குகளுக்கும் சிவப்பு மையிற் சரி போடப்பட்டிருந்தது. அப்படியாயின் அவர் அவற்றை எல்லாம் பார்த்திருக்கிறார். 571 முதல் 701 வரையிலான இருபத்திரண்டுக்கும் சரியுமில்லை, பிழையுமில்லை. பக்கத்தின் அடியில் “மிகுதி செய்க” என்ற இரு சொற்கள் மட்டும் இருந்தன.

நான் செய்யவில்லை. விடை வெளிப்பட்டபின் அது எதற்கு என்றிருந்தேன்.

ஆசிரியரிடம் நான் பட்ட நாணம் இரண்டு மூன்று வாரங்களிற் குறைந்தது. குறையாதது வேறு. அன்று மாலை சைக்கிள் நிறுத்துமிடத்தில் நண்பன், “641 உன்னுடைய பங்குதானே?” என்று கேட்டான். “எங்கேயோ பிழை விட்டுவிட்டேன்” என்றேன். அவன் ஒருகணம் யோசித்து, “பத்திலக்க எண், எவருக்கும் பிழைக்கும். நான் உன்னுடையதையும் ஒருமுறை பார்த்திருக்கலாம்” என்றான். தன் பங்கை இருமுறை செய்தவன், என் பங்கைச் செய்யாததற்காக வருந்தினான். அப்பொழுது சொல்லியிருக்கலாம். பின்னர் ஒன்றாகப் பேராதனையிற் படித்த காலத்திற் சொல்லியிருக்கலாம். அவனது திருமணத்திற்குத் தோழனாக நின்றபோது, அவனே இக்கதையை எடுத்து, “இவனுடைய ஒரு பிழையால் நாங்கள் ஒயிலருக்கு இணையாகும் வாய்ப்பை இழந்தோம்” என்று சபையில் நகையாடினான். நானும் சேர்ந்து சிரித்தேன்.

உத்தியோகத்தில் நான் நில அளவையாளன் ஆனேன். அத்தொழிலிற் களக்குறிப்பேட்டில் எழுதிய எண்ணை அழித்தல் கூடாது. பிழையாயின் ஒரு கோட்டால் வெட்டி, மேலே சரியானதை எழுதவேண்டும். வெட்டப்பட்டதும் வாசிக்கத்தக்கதாய் இருத்தல் வேண்டும். வெயிலில் நின்று கோணம் அளந்து, மாலையில் எல்லையைச் சுற்றிவந்து கணக்கை மூடும்போது சிறு வேறுபாடு நிற்கும். ஓர் எண்ணைச் சற்றே திருத்தினால் யாவும் பொருந்திவிடும். அவ்வாறான மாலைகளில் 218 என்னும் எண் என்முன் வந்து நிற்கும். நான் மறுநாளும் அக்காணிக்குச் செல்வேன். உடன்வந்த உதவியாளர் என்னைச் சபித்திருப்பர்.

அந்தப் பத்திலக்க எண்ணும் என்னை விடவில்லை, செல்லுமிடமெல்லாம் சந்தித்தேன். 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தையும் பெருக்கினால் 4294967295 வரும். இரண்டைக் கூட்டினால் நமது எண். ஆகையாற்றான் 257ஆற் பிரித்தபோது மீதி 2 வந்தது. அது தெரிந்திருந்தால் நண்பனுக்கு ஒரு கணக்குக் குறைந்திருக்கும். கணினிகள் வந்தபின், முப்பத்திரண்டு இருமை இலக்கங்களில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண்ணும் அதே 4294967295 என்று அறிந்தேன். சதுரங்கப் பலகையின் அறுபத்துநான்கு கட்டங்களிலும் இரட்டித்து இரட்டித்து வைக்கக் கேட்ட தானியக் கதை யாவரும் அறிந்தது. அத்தானியத்தின் தொகை 18446744073709551615. அது 4294967295ஐ 4294967297ஆற் பெருக்கிய தொகையே. எனவே அந்த அரசனின் களஞ்சியத்தை வெறுமையாக்கும் எண்ணுக்குள்ளும் 641 ஒளிந்திருக்கின்றது. 1796இல் கவுஸ் என்னும் இளைஞர், பதினேழு பக்கங்கள் கொண்ட ஒழுங்கான பல்கோணியைக் கவராயத்தாலும் அடிமட்டத்தாலும் வரையலாம் என்று கண்டதும் இவ்வரிசையின் 17ஐக் கொண்டே. சேரா கோல்பேண் என்னும் அமெரிக்கச் சிறுவனிடம், அவனது எட்டாம் வயதில் இலண்டனில் நமது எண்ணைக் கொடுத்தபோது 641ஐ மனத்தாலேயே கண்டு கூறினான் என்பர். அச்செய்தியை வாசித்த நாளில் எனக்கு அவன்மேற் சிறிது கோபமும் வந்தது.

பேர்மாவின் வரிசை நமது எண்ணுக்குப் பிறகு ஒரு முதன்மை எண்ணையேனும் இதுவரை தரவில்லை. அடுத்ததான 18446744073709551617இன் காரணிகளை லந்திரி என்னும் பிரெஞ்சு முதியவர் 1880இல், எண்பது வயதைத் தாண்டியபின் வெளியிட்டார். சிறிய காரணி 274177. அதற்கடுத்தது 1970இற்றான் பிளவுண்டது. மேலும் பல, முதன்மையல்ல என்று தெளியப்பட்டுள்ளன. அவற்றுள் இரண்டு எண்களுக்கு இன்றுவரை ஒரு காரணியும் அகப்படவில்லை. பிரிபடும் என்று தெரிகிறது. எதனாற் பிரிபடும் என்று தெரியவில்லை. 2இன் வலுவில் வரும் சுட்டி, 2இன் 33ஆம் வலுவாய் இருக்கும் எண்ணிலே எல்லா ஆராய்ச்சியும் நிற்கின்றது. அதற்கு 258 கோடிக்கு மேற்பட்ட இலக்கங்கள். அது முதன்மை எண்ணா என்று எவருக்கும் தெரியாது. எங்கள் ஆசிரியர் இருந்திருந்தால் அதையும் பலகையில் எழுதி, விடுமுறை முழுவதும் உங்களுடையது என்றிருப்பார்.

ஆசிரியர் காலமாகிப் பல ஆண்டுகள். கொப்பி 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வில் வீட்டோடு போயிற்று. நால்வரில் இருவர் இன்று இல்லை. அவ்விருவருள் நண்பனும் ஒருவன். அவன் மறைந்த செய்தி தொலைபேசியில் வந்த இரவு, அவனிடம் சொல்லவேண்டியிருந்தது இன்னதென்று எனக்கே முதன்முறையாகத் தெளிவாயிற்று: நான் பிழை விடவில்லை, நான் செய்யவே இல்லை. எஞ்சியிருக்கும் மற்றையவர் இம்மலரைக் காண்பார். அவரும் அறிந்துகொள்ளட்டும்.

இவ்வாண்டு தைப்பொங்கல் கழிந்தபின் நாற்பது பக்கக் கொப்பியொன்றை வாங்கினேன். பேரப்பிள்ளை கணினியிற் செய்து தருவதாகச் சொன்னான், வேண்டாமென்றேன். கண் மங்கல், ஒரு நாளைக்கு ஒரு கணக்குக்கு மேல் இயலாது. ஒவ்வொன்றையும் செய்தபின் ஈவைப் பெருக்கி மீதியைக் கூட்டிச் சரிபார்த்தேன். 571இல் தொடங்கினேன். 641ஐயும் விட்டுவிடாமற் செய்தேன். இருபத்திரண்டாம் நாள் காலை 701 வந்தது. ஈவு 6126914. மீதி 583.